அம்மா உடுத்த வெள்ளைச் சீலை

2 மார்ச் 2025, ஞாயிறு

வாசல்படியில் பனி இன்னும் உறைந்து கிடக்கிறது. அப்பா விடியமுன்னரே ஜான்-டலோன் சந்தைக்குப் போய்விட்டார். ஞாயிறுதான் அங்கே சனம் கூட. மரக்கறிப் பெட்டி தூக்குகிறவருக்கு லீவு இல்லை. நான் நாளைக்குப் போட உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். வீடு இருக்கிற பியர்பொன்ட்ஸில் இருந்து வேலைக்கு, லாசாலுக்கு, மூன்று பஸ். அங்கே ஒரு பரிசோதனைக் கூடத்தில் பாலிலும் இறைச்சியிலும் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற வேலை. கிருமியோடு கதைக்கத் தேவையில்லை என்பதால் எனக்குப் பிடித்த வேலை.

அம்மா வந்து கட்டிலில் இருந்தார். கதவைச் சாத்தினார். வீட்டில் எங்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை, ஆனாலும் சாத்தினார்.

சொன்னதை எழுதி வைக்கிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

1998. வவுனியா முகாம். பிரசாந் அண்ணாவுக்கு எட்டு மாதம். காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. வவுனியா ஆஸ்பத்திரியில் ஏலாது என்று அம்புலன்ஸில் அனுராதபுரத்துக்கு அனுப்பினார்கள். அப்பா அப்போது இங்கே, இந்தக் குளிர் நாட்டில், அகதி வழக்கு முடியாமல். அம்மாவுக்கு ஒரு சொல் சிங்களம் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் சோமாவதி என்று ஒரு தாய். அவருக்குக் கொஞ்சம் சந்தைத் தமிழ் தெரியும். அவர்தான் அம்மாவிடம் ஒரு குற்றிக்காசை வாங்கி, வெள்ளைத் துணியில் முடிந்து, சிங்களச் சனம் கும்பிடுகிற அந்தப் பெரிய போதி மரத்தடியில் கட்டிவிட்டு வந்தார். பிள்ளை வளர்ந்ததும் வெள்ளை உடுத்துக்கொண்டு அவனையும் கூட்டிவந்து தண்ணீர் வார்க்கவேண்டும் என்று சொன்னார். அம்மாவும் பிள்ளையின் தலையில் கைவைத்து ஓம் என்றார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.

நாங்கள் கேட்டு வளர்ந்த கதை இதில்லை. நல்லூர்க் கந்தன் காப்பாற்றிய பிள்ளை - இதுதான் எங்கள் வீட்டுக் கதை. அந்தக் கதைக்காக அண்ணா பதினேழு வயதில் இருந்து ஒவ்வொரு கோடையும் இங்கே முருகன் கோவிலில் முதுகுத் தோலில் செடில் கொக்கிகள் குத்திக் காவடி எடுக்கிறார்.

"ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"ஆரிட்டைச் சொல்லுறது?"

நிருஷா அண்ணிக்கு இப்போது ஐந்தாம் மாதம். இதற்கு முதல் இரண்டு தங்கவில்லை. நேர்த்திக்கடன் தீராமல் கிடக்கிறது, அதுதான் என்கிறார் அம்மா. இந்தப் பிள்ளை பிறக்க முதல் போய்த் தீர்க்கவேண்டும். அப்பாவுக்கும் அண்ணாவுக்கும் யாழ்ப்பாணம் போகிறோம் என்று சொல்லலாமாம்.

"உன்னட்டைத்தான் சொல்லலாம் பிள்ளை. நீ ஒருத்தரோடயும் கதைக்க மாட்டாய்."

இருபத்துமூன்று வருடம் இந்த வீட்டில் இருந்ததற்கு எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ்.


9 மார்ச், ஞாயிறு

அண்ணாவும் அண்ணியும் சாப்பிட வந்தார்கள். அம்மா சும்மா கேட்பதுபோல, அப்பாவின் தங்கை யோகராணி மாமியின் மகன் போன மாதம் அனுராதபுரம் எல்லாம் பார்த்துப் படம் போட்டிருந்தானே என்றார். அண்ணா கரண்டியை வைத்தார்.

"எங்கட சனத்தைத் துரத்திப்போட்டு அவங்கள் கும்பிடுற இடத்தில போய் நிண்டு படம் எடுக்கிறானாம். அவன் இனி என்ர வீட்டுப் பக்கம் வரத் தேவையில்லை."

அம்மா இன்னொரு துண்டு மீனை அவர் சோற்றுக் கோப்பையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

அண்ணா சும்மா கத்துகிற ஆள் இல்லை. மே மாதம் போரில் செத்த சனத்தின் நினைவுகூரலுக்கு மேடை கட்டுவதில் இருந்து கதிரை அடுக்குவது வரை அவர்தான். அப்பா முதுகு பிடித்துப் படுக்கையில் கிடந்த வருடம் கல்லூரியை விட்டுவிட்டுக் களஞ்சியசாலை வேலைக்குப் போனவரும் அவர்தான். நான் பட்டம் வாங்கியது அந்த வேலைக் காசில். எங்கள் இரண்டு பக்கக் குடும்பத்திலும் முதல் பட்டம். என் பட்டமளிப்புப் படம் அவருடைய வரவேற்பறையில்தான் தொங்குகிறது, எங்களுடையதில் இல்லை.

இன்று பின்னேரம் அம்மாவுக்கும் எனக்கும் விமான ரிக்கெற் எடுத்தேன்.


19 ஏப்ரல், சனி

விமான நிலையத்துக்கு அண்ணாதான் கொண்டுவந்து விட்டார். "நல்லூரில எனக்கும் ஒரு அருச்சனை செய்யுங்கோ" என்றார். அம்மா ஓம் என்றார்.


27 ஏப்ரல், ஞாயிறு. அனுராதபுரம்

எனக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நல்லூர் அருச்சனை வியாழக்கிழமையே முடிந்தது. இன்று காலை வவுனியாவில் இருந்து றெக்ஸ் அண்ணையின் வானில் வந்தோம். மன்னார்க்காரர், கண்ணாடியில் செபமாலை தொங்கவிட்டிருக்கிறார், மூன்று மொழியும் கதைக்கிறார். வெள்ளை கட்டாயமில்லை, மரியாதையாய் உடுத்தால் காணும் என்று சொன்னார். அம்மா கேட்கவில்லை. கடைத்தெருவில் வானை நிறுத்தச் சொல்லி ஒரு பருத்திச் சீலை வாங்கினார். வெள்ளை. மெல்லிய நீலக் கரை.

தங்கிய அறையில் அதை உடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அப்பா உயிரோடு இருக்கிறார். அம்மாவை நான் ஒருநாளும் வெள்ளையில் கண்டதில்லை.

"தாலியை உள்ளுக்கை விட்டிருக்கிறன். ஒண்டும் யோசியாதை" என்றார்.

ஊர் முழுக்க அகலத் தெரு, பெரிய மரங்கள், கருமுகக் குரங்குகள், வெட்டிய புல். எங்கு பார்த்தாலும் வெள்ளை உடுத்த சனம். எங்களுக்குச் செத்தவீட்டில்தான் இவ்வளவு வெள்ளை. நான் மட்டும் மண்ணிறச் சுரிதார். ஒவ்வொரு கண்ணும் என்னைத்தான் பார்க்கிறது என்று நினைத்தேன். உண்மையில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு எங்கேயும் அப்படித்தான், பஸ்ஸிலும் அப்படித்தான்.

முதலில் ருவன்வெலிசாய, அந்தப் பெரிய தாதுகோபம். ஒரு மலைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்ததுபோல. மூன்று மணி வெயிலில் கல்தரை காலைச் சுட்டது. ஒரு குடும்பம் நீளமான காவித் துணியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வரிசையாகச் சுற்றி வந்தது. கடைசியில் பிடித்திருந்த குட்டிப்பெண்ணுக்குக் கை எட்டவில்லை, துணி அவள் தலையை மூடிக்கொண்டு போனது, உள்ளே அவள் சிரித்தாள். அழகாக இருக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அழகாக இருந்தது. அதுதான் கோபம்.

அங்கிருந்து போதி மரத்துக்கு நடந்தோம். பையைச் சோதித்தார்கள், உடம்பைத் தடவினார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். 1985இல் இதே இடத்தில் கும்பிட வந்த சனத்தைச் சுட்டது எங்களுடைய ஆட்கள். அண்ணா அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை. தடவிய பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு என் வயதுதான். அலுத்துப்போன முகம். அவளையும் எனக்குப் பிடிக்கவில்லை, என்னையும் பிடிக்கவில்லை.

மரத்தைக் கிட்டப் போய்த் தொட முடியாது. பொன் வேலிக்குள், கம்புகளில் சாய்ந்து, வயதானவரைத் தாங்கிப் பிடித்ததுபோல நிற்கிறது. அம்மா தாமரையை வைத்தார். பிறகு, எனக்குச் சொல்லாமல், கைப்பைக்குள் இருந்து கற்பூரத்தை எடுத்து மேடையோரம் வைத்துக் கொளுத்திவிட்டார். பியர்பொன்ட்ஸ் சாமியறையில் கொளுத்துவதுபோல. அந்த மரத்தடியில்.

ஒரு காவலாளி ஓடிவந்து கத்தினார். சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். அம்மா அணைக்கத் தெரியாமல் வெறுங்கையால் பொத்தினார். றெக்ஸ் அண்ணை நடுவில் வந்து என்னவோ சொல்லிச் சமாளித்தார். காவலாளி அம்மாவை மேலும் கீழும் பார்த்து இன்னும் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"என்ன சொன்னவர்?"

"ஒண்டுமில்லை, அம்மா" என்றார் றெக்ஸ் அண்ணை. அவர் வாகனம் ஓட்டுவதற்கு மட்டும் காசு வாங்குகிறார், இதற்கு இல்லை.

எனக்கு அப்போதே வெளியே போகவேண்டும்போல இருந்தது. அம்மா அசையவில்லை. சுட்ட உள்ளங்கையோடு ஒரு குடத்தில் தண்ணீர் நிரப்பி என்னிடம் நீட்டினார். அண்ணாவின் இடத்தில் நான் சுற்றவேண்டுமாம்.

"என்ர நேர்த்தி இல்லையே, அம்மா."

"நீயும் என்ர வயித்தில கிடந்தனிதானே. நட."

மூன்று முறை சுற்றினேன். ஒன்றும் வேண்டவில்லை. தண்ணீர் ஊற்றும்போது மட்டும், இந்தப் பிள்ளை தங்கட்டும் என்று நினைத்தேன். யாரிடம் கேட்டேன் என்று தெரியாது.

வெளியே வந்ததும் அம்மா அழுதார். வியர்வையில் பொட்டு அழிந்துவிட்டது. பின்னால் வெள்ளைத் தாதுகோபம், முன்னால் வெள்ளைச் சீலை. அந்த முகத்தை நான் முன்னர் கண்டதில்லை. ஒரு படம் எடுத்தேன். எனக்கென்று, எனக்கு மட்டும்.


28 ஏப்ரல், திங்கள். வவுனியா

கடவுளே. என்ன வேலை பாத்தனான்.

நேற்று அறைக்கு வந்ததும் அந்தப் படத்தை வழமைபோல எனக்கே அனுப்பி வைக்கப் பார்த்தேன். இணையம் மெதுவாக இருந்தது, சுற்றிக்கொண்டே நின்றது. திரும்பத் தட்டினேன். அது போனது 'தியாகலிங்கம் குடும்பம்' குழுவுக்கு. அறுபத்துமூன்று பேர். இரண்டு வருடமாக அதில் நான் ஒரு சொல் எழுதியதில்லை. நான் போட்ட முதல் படம் - வெள்ளைச் சீலையில், பொட்டில்லாமல், அழுதபடி அம்மா.

அங்கே காலை ஏழரை மணி. அப்பா சந்தையில். பெட்டி இறக்கும்போது போன் எடுக்கமாட்டார். யோகராணி மாமி அவருக்கு ஆறு தரம் போன் அடித்திருக்கிறார், எங்களுக்கும் இணைப்பு கிடைக்கவில்லையாம். பதில் இல்லை. போதாதா?

மிச்சத்தை அண்ணி போனில் சொன்னார். பத்து மணிக்கு எங்கள் வீட்டு முன்னால் பதினொரு கார். மாமியிடம் எங்கள் கதவுத் திறப்பு இருந்தது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, செத்தவீட்டுக்குக் கொடுப்பதுபோல மூன்று வீட்டில் இருந்து வந்துவிட்டது. ஆரோ அப்பாவின் படத்தை மேசையில் வைத்து விளக்கேற்றினார்களாம். ஆரோ இணையத்தில் மரண அறிவித்தல் போடுவதற்கு என்ன படம் நல்லது என்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அண்ணாவும் அண்ணியும் லாசாலில் இருந்து அழுதபடி ஓடிவந்து சேரும்போது, அப்பா வேலையில் இருந்து வந்திருக்கிறார். கையில் தக்காளிப் பெட்டி.

"ஆர் செத்தது?" என்று கேட்டாராம்.

"நீங்கள்தான், அண்ணை" என்று மாமி சொல்லிவிட்டாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணிக்கு வரவில்லை. அப்பா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, தன்னுடைய படத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாராம். சோற்றுச் சட்டிகளை அவரவர் திருப்பித் தூக்கிக்கொண்டு போனார்களாம்.

அதற்குள் அண்ணா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். குழுவில் ஒரே வரி எழுதினார்: 'இது அனுராதபுரம்.' பிறகு குழுவை விட்டு வெளியேறிவிட்டார்.


4 மே, ஞாயிறு

விமான நிலையத்துக்கு ஒருவரும் வரவில்லை. டாக்சியில் வந்தோம். அப்பா வாசலில் நின்றார். என்னோடுதான் கதைத்தார்.

"கொம்மாட்டைச் சொல்லு. அந்தச் சீலை இந்த வாசல் தாண்டப்படாது. நான் இன்னும் சாகேல்லை."

அம்மா ஒரு மீற்றர் தூரத்தில் நின்றார். கேட்டுக்கொண்டுதான் நின்றார். பெட்டியைத் திறந்து சீலையை எடுத்து என் கையில் தந்தார். எறியச் சொல்லவில்லை. நாளைக்கு வேலைக்குக் கொண்டுபோய் என் அலுமாரியில் பூட்டி வைப்பேன். வேறு எங்கே வைக்க?


11 மே, ஞாயிறு

இன்று அன்னையர் தினம். அண்ணா தனியாக வந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை.

அம்மா எல்லாவற்றையும் சொன்னார். முகாம், அம்புலன்ஸ், சோமாவதி, காசு. முடிந்ததும் அண்ணா, "அப்ப பதினொரு வருசமா நான் முதுகில குத்தினது ஆருக்கு?" என்றார்.

"முருகனுக்குத்தான் ராசா. நான் அவரையும் கும்பிட்டனான்."

"அவரையும்."

"உன்னை உயிரோட கொண்டுவர வேற வழி தெரியேல்லையடா எனக்கு."

"விட்டிருக்கலாம். இந்த மானக்கேட்டுக்கு அண்டைக்கே செத்திருக்கலாம்."

அம்மா முகம்... எழுத ஏலாமல் கிடக்கு. அப்பா உள்ளறையில் இருந்தவர். ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாம்தானே? வரேல்லை. நான்? நானும் சுவரோட சுவரா நிண்டனான். வாய் திறக்கேல்லை. எனக்கு வாயெண்டு ஒண்டு எதுக்கு?

போகும்போது அண்ணா என்னிடம் திரும்பினார். "உன்னைப் படிப்பிச்சது பொய் சொல்லி ரிக்கெற் போடவோ, சாரு?" பிறகு அம்மாவிடம்: "பிள்ளை பிறந்தாலும் நீங்கள் ரெண்டு பேரும் என்ர வீட்டுப் படி ஏறப்படாது."


3 ஜூன், செவ்வாய்

வேலைக்குப் போகும் பஸ் அண்ணாவின் கட்டடத்தைத் தாண்டித்தான் போகிறது. முதலாம் மாடி, வலப்பக்கப் பலகணி. ஒரு கதிரை, ஒரு காய்ந்த கறிவேப்பிலைச் சாடி. முந்தி வெள்ளிக்கிழமைகளில் அங்கே இறங்குவேன்.


17 ஜூன், செவ்வாய்

வீட்டில் நான்தான் தபால்காரி. கொம்மாட்டைச் சொல்லு, கொப்பரிட்டைச் சொல்லு. இன்று உப்பு கூடிப்போச்சு என்பதைக் கூட நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஆறடி தூரம். கொடுத்த பிறகு இருவருக்கும் ஒன்று சொல்லவேண்டும்போல இருந்தது. உப்புப் போத்தலை எடுத்து மேசை நடுவில் வைத்தேன்.


6 ஜூலை, ஞாயிறு

முருகன் கோவில் தேர். அம்மாவும் நானும் தண்ணீர்ப்பந்தலுக்குப் பின்னால் நின்றோம். காவடிகள் போயின. அண்ணா வந்திருந்தார், தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு. போட்டிருந்த சேட்டைக் கழற்றவில்லை. பறை அவருக்கு முன்னால் வந்து நின்று அடித்தபோதும் கழற்றவில்லை.

மாமி எங்களைக் கண்டு வேறு பக்கத்தால் சுற்றிப் போனார்.


19 ஜூலை, சனி

பெண் பிள்ளை. அண்ணியும் பிள்ளையும் சுகம். எங்களுக்கு மாமி சொல்லித்தான் தெரியும், அதுவும் வேறு எதற்கோ அப்பாவுக்கு எடுத்த போனில்.

அம்மா போய் மல்லி, மிளகு, மஞ்சள் எல்லாம் வறுத்தார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத்தூள். இடித்து, அரித்து, போத்தலில் அடைத்து மேசையில் வைத்தார். அதைக் கொண்டுபோக ஆள் இல்லை என்பது வைத்த பிறகுதான் நினைவு வந்திருக்கவேண்டும். போத்தலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.


20 ஜூலை, ஞாயிறு

காலையில் போத்தலைக் காணவில்லை. அப்பா கொண்டுபோயிருக்கிறார். அவருக்கு அந்த வீட்டுக்குத் தடையில்லை. தக்காளிப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தாராம், எனக்கு மட்டும் சொன்னார். அம்மாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அம்மா பத்து மணிக்கு இரண்டாவது போத்தலுக்கு மல்லி வறுக்கத் தொடங்கிவிட்டார்.


29 ஜூலை, செவ்வாய்

மத்தியானச் சாப்பாட்டு நேரம் போன் வந்தது. நிருஷா அண்ணி. மெதுவாகக் கதைத்தார், பிள்ளை நித்திரையோ, அண்ணா பக்கத்தில் இருந்தாரோ தெரியாது.

பிள்ளையின் தோல் சிவந்து கிடக்கிறதாம். கடை உடுப்பும் நாப்பியும் ஒத்துக்கொள்ளவில்லை. மெல்லிய பருத்தித் துணி மட்டும் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

"என்னட்டை இருக்கிற சீலையெல்லாம் கல்லும் சமிக்கியும், சாரு. ஒரு பருத்திச் சீலை இல்லை. மாமா தந்த வேட்டியும் பொலியெஸ்ரர். மாமி அனுராதபுரத்தில உடுத்தது பருத்திதானே? எறிஞ்சுபோட்டாவோ?"

"என்ர வேலைத்தல அலுமாரியில கிடக்கு."

"வேலைத்தலத்திலயோ?" முதல்முறையாகச் சிரித்தார். "நீங்கள் எல்லாம் என்ன குடும்பமடி."

அது புதுச்சீலை, கஞ்சி போட்டது, பிள்ளைக்கு ஆகாது என்றேன். தோய்த்துத் தோய்த்துப் பழசாக்கித் தா என்றார். அண்ணாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். பிள்ளை எழும்பிட்டுது என்று போனை வைத்தார்.


1 ஆகஸ்ட், வெள்ளி

மூன்று நாளாக வேலை முடிந்து லாசாலில் காசுபோட்டுத் தோய்க்கும் கடையில் இருக்கிறேன். நேற்று நாலு தரம், இன்று ஐந்து. கடைக்காரி பிரெஞ்சில் கேட்டாள், ஒரே சீலைதானே, கறை போகவில்லையா என்று. கறை இல்லை என்றேன். பிறகு ஏன் என்றாள். அண்ணாவின் பிள்ளைக்கு, என் மருமகளுக்கு என்று சொன்னேன். அவள் எனக்கு மருமகள் என்று முதன்முதல் வாயால் சொன்னது ஒரு தோய்க்கும் கடையில், பிரெஞ்சில்.

பாதியை அண்ணியிடம் கட்டட வாசலில் வைத்துக் கொடுத்தேன். மற்றப் பாதியை அம்மாவிடம் கொண்டுவந்தேன். அப்பா பார்த்தார். தள்ளி நின்று வழி விட்டார். சீலை வாசல் தாண்டியது.


7 ஆகஸ்ட், வியாழன்

பின்னேரம் பஸ்ஸில் யன்னலோரம் இருந்தேன். அண்ணாவின் பலகணியில் கொடி கட்டியிருந்தது. அதில் வெள்ளைச் சதுரங்கள், பத்து இருக்கும். சிலதின் ஓரத்தில் நீலக் கரை. அண்ணா வெறும் மேலோடு நின்று ஒவ்வொன்றாக உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். முதுகில் செடில் தழும்புகள். கரையைக் கண்டிருப்பார். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் அவர்தானே.

மணியை அழுத்தினேன். பஸ் அடுத்த தரிப்பில்தான் நின்றது. திரும்பி நடந்து வந்தேன். கட்டடத்துக்கு வெளியே, புல்லில் நின்றேன். படி ஏறக்கூடாது என்றுதானே சொன்னவர், புல்லில் நிற்கக்கூடாது என்று சொல்லவில்லை.

அண்ணா என்னைக் கண்டார். துணிக்கவ்வி ஒன்றை வாயில் இருந்து எடுத்தார்.

"ஒரு நாளைக்கு இருபது துண்டு போகுது. இது காணாது" என்றார். "மிச்சம் எங்கை?"

நான் கீழே இருந்து கத்தினேன். தெருவில் நான் கத்தியது இதுதான் முதல் தரம். "அம்மாட்டை."

அவர் அடுத்த துண்டை உதறினார், மூலை பிடித்துக் கொடியில் போட்டார், கவ்வியைப் போட்டார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அப்ப அம்மாதானே கொண்டுவர வேணும்."